கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு கேமரா

செல்போன் வீடியோவும் குரல் பதிவும் சிறு வணிகர்களின் விளம்பரப் பலகை ஆகிவிட்டன. யாருக்கு வியாபாரம் நடக்கிறது? யாருக்கு வெறும் ‘வியூஸ்’ மட்டும் மிஞ்சுகிறது?

சேலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது இளம்பிள்ளை. தறிச் சத்தம் ஓயாத ஊர். இங்கே உருவாகும் சேலைகள் ஒரு காலத்தில் மொத்த வியாபாரிகளின் மூட்டைகளில் ஏறி ஊர் ஊராகப் போகும். எங்கே நெய்தது, யார் நெய்தது என்பது உடுத்துகிறவருக்குத் தெரியாது. இன்று யூடியூபில் ‘இளம்பிள்ளை சேலை’ என்று தட்டிப் பாருங்கள், வீடியோக்கள் வரிசைகட்டி வரும். கடைக்காரரோ, அவர் வீட்டுப் பெண்ணோ ஒரு சேலையை உதறி விரிக்கிறார். முந்தானை, பார்டர், உடல், ரவிக்கைத் துணி என்று ஒவ்வொன்றாகக் கைவைத்துக் காட்டுகிறார். துணியைக் கசக்கிவிட்டு மறுபடி நீவுகிறார். ‘விலை இவ்வளவு, கொரியர் தனி, பிடிச்சிருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து இந்த நம்பருக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க’ என்று முடிக்கிறார்.

மாடல் அழகி கிடையாது, பின்னணி இசை கிடையாது, செட்டும் கிடையாது. டியூப் லைட் வெளிச்சம், பின்னால் அடுக்கு அடுக்காகச் சேலைகள், நடுவில் யாரோ கூப்பிடும் குரல். ஆனாலும் சரக்கு நகர்கிறது. துபாயில் இருப்பவர் ஆர்டர் போட்டு மதுரையில் இருக்கும் அம்மாவுக்கு அனுப்பச் சொல்கிறார்.

இந்த மாற்றத்துக்குப் பின்னால் சில தேதிகள் இருக்கின்றன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. டேட்டா விலை சரிந்தது. 2018-ல் வாட்ஸ்அப் பிசினஸ் செயலி வந்தது. கடையின் பொருள் பட்டியல் வாடிக்கையாளரின் உள்ளங்கைக்குப் போனது. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடை செய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸும் இந்தியாவில் இறங்கின. கொரோனா ஊரடங்கில் ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த வியாபாரிகள் பலருக்கு அந்த நேரத்தில் கையில் இருந்த ஒரே கடை, செல்போன்தான்.

இப்போது நிலைமை வேறு. முறுக்குக் கடை முதல் மூட்டுவலித் தைலம் வரை எல்லாரும் கேமரா முன்னால் நிற்கிறார்கள். ‘நாமளும் ரீல்ஸ் போடணுமா?’ என்ற கேள்வியைத் தாண்டிவிட்டோம். ‘ஆறு மாசமா போடுறேன், வியாபாரம் ஏறலையே, ஏன்?’ என்பதுதான் இன்றைய கேள்வி.

சினிமா ஸ்லைடு முதல் ஷார்ட்ஸ் வரை

ஓசையாலும் காட்சியாலும் சரக்கு விற்பது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தியேட்டர் இடைவேளையில் உள்ளூர் ஜவுளிக்கடை ஸ்லைடும், கோபால் பல்பொடி விளம்பரமும் பார்த்து வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, கடல் தாண்டித் தமிழக வீடுகளில் விளம்பரங்களைக் கொண்டுவந்து கொட்டியது. 1967-ல் மும்பை, புணே, நாக்பூர் நகரங்களில் விவித பாரதியின் வர்த்தக ஒலிபரப்பு தொடங்கிய பிறகு, அந்த வாய்ப்பு உள்நாட்டிலும் திறந்தது. திருவிழாவுக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு நோட்டீஸ் வீசிய காலம், கேபிள் டி.வி.யில் அடியில் ஓடும் எழுத்து விளம்பரம் என்று இந்த வரிசை நீளமானது.

இதில் இரண்டு பேரைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒருவர், கடலூர்க்காரரான சி.கே.ரங்கநாதன். 1983-ல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொழில் தொடங்கி ‘சிக்’ ஷாம்புவைச் சிறு பாக்கெட்டில் விற்றவர். தலைக்கு ஷாம்பு போட்டே பழகாத கிராமங்களில் அதை எப்படி விற்பது? வேனில் போய்ப் படம் போட்டார்கள். நடுநடுவே விளம்பரம். படம் முடிந்ததும் பையன்களைக் கூப்பிட்டு, ஊரார் முன்னாலேயே தலைக்குத் தேய்த்துக் குளிப்பாட்டிக் காட்டினார்கள். முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். கையில் இலவச பாக்கெட் கொடுத்தார்கள். கண்ணெதிரே செய்து காட்டுவது, காதுக்குப் பழகிய மொழியில் பேசுவது, உடனே வாங்க வழி வைப்பது என்று இன்று ‘கன்டென்ட் மார்க்கெட்டிங்’ வகுப்புகளில் சொல்லித்தரும் மூன்று பாடங்களும் அந்த வேனில் இருந்தன.

இன்னொருவர், எச்.வசந்தகுமார். 1978-ல் சென்னையில் சிறிய கடையாக ‘வசந்த் அண்ட் கோ’வைத் தொடங்கியவர். தன் கடை விளம்பரத்தில் நடிகரைத் தேடாமல் தானே சிரித்த முகத்தோடு வந்து நின்றார். பிறகு நகைக்கடை, ஜவுளிக்கடை முதலாளிகள் பலர் அதே வழியில் கேமரா முன்னால் வந்தபோது கேலி செய்தவர்களும் உண்டு. ஆனால், ‘பொருளுக்கு நான் பொறுப்பு’ என்று முதலாளியே வந்து சொல்வதன் பலம் வாடிக்கையாளருக்குப் புரிந்தது.

அன்றைக்கு டி.வி.யில் பத்து நொடி வாங்கவே பெரிய முதல் வேண்டும். இன்று அந்தச் செலவு இல்லை. அதனாலேயே கூட்டமும் அதிகம். கூட்டத்தில் தனித்துத் தெரியச் சிறுகடைக்காரரிடம் என்ன இருக்கிறது? அவர் கையும் அவர் குரலும்தான். பெரிய கம்பெனியால் எத்தனை கோடி கொட்டினாலும் அதை வாங்க முடியாது. இதை மறந்து, பெரிய கம்பெனி விளம்பரத்தை மலிவாக நகலெடுக்கப் போகும்போதுதான் சிறுவணிகர் தோற்கிறார்.

மூன்று லட்சமா, தொள்ளாயிரமா?

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தஞ்சாவூரில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடை. கடைக்காரர் டிரெண்டிங்கில் இருக்கும் சினிமாப் பாட்டுக்கு ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு ஆடுகிறார். மூன்று லட்சம் பேர் பார்க்கிறார்கள். கோவையிலும் கொழும்பிலும் இருந்து சிரிப்பு எமோஜி கொட்டுகிறது. யாரும் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் வரப்போவதில்லை.

அதே கடைக்காரர் இன்னொரு வீடியோ போடுகிறார். ‘மிக்ஸி ஜார் அடியில தண்ணி ஒழுகுதா?’ என்று தொடங்குகிறார். ஜாரைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் பகுதியை விரலால் ஆட்டிக் காட்டுகிறார். ‘இப்படி லொடலொடன்னு ஆடினா உள்ள புஷ் தேய்ஞ்சு போச்சுன்னு அர்த்தம். அதை மாத்தணும், கடைக்குக் கொண்டு வாங்க. கீழ இருக்கிற கப்ளர் மட்டும் உடைஞ்சிருந்தா நீங்களே வாங்கி மாட்டிக்கலாம், கடைக்கு வர வேண்டாம்.’ தொள்ளாயிரம் பேர்தான் பார்க்கிறார்கள். ஆனால் அவர்களில் பலர், ஒழுகும் ஜாரை வீட்டில் வைத்துக்கொண்டு தேடியவர்கள். தலைப்பில் ‘தஞ்சாவூர்’ என்று இருப்பதால் உள்ளூர்க்காரர் கண்ணில் படுகிறது. அடுத்த வாரம் நாலு ஜார் கடைக்கு வந்தால்கூட அந்த வீடியோ ஜெயித்துவிட்டது. ‘கடைக்கு வர வேண்டாம்’ என்று சொன்ன அந்த ஒரு வரிதான் வரவழைத்த வரி என்பதைக் கவனியுங்கள். நியாயமான ஆள் என்று நம்பவைத்தது அதுதான்.

யூடியூப் தரும் வருமானத்தை நம்பி இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். வீடியோக்களுக்கு நடுவே வரும் விளம்பரங்களின் வருமானத்தில் பங்கு கிடைக்க 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் வழியாக என்றால் 90 நாளில் ஒரு கோடிப் பார்வை. புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. கிராமத்து மனிதர்களின் முகத்துக்கும் பேச்சுக்கும் உலகம் காத்திருக்கிறது என்று காட்டிய சாதனை அது. ஆனால் அவர்களுக்கு வீடியோவே தொழில். உங்களுக்குத் தொழில் வேறு. கடை வைத்திருப்பவருக்கு யூடியூப் வருமானம் வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டமில்லை. அடுப்பைக் கவனிக்காமல் கேமராவைக் கவனித்தால்தான் நஷ்டம்.

அதனால் கணக்கை வேறு மாதிரி எழுத வேண்டும். கடைக்குப் புதிதாக வருகிறவரிடமும் போனில் கேட்கிறவரிடமும் ‘எதைப் பார்த்துட்டு வந்தீங்க?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். யூடியூப் ஸ்டூடியோவில் பார்வையாளர் எந்த ஊர், வீடியோவின் எந்த நொடியில் ஆட்கள் நழுவுகிறார்கள் என்றெல்லாம் காட்டும், அதையும் பாருங்கள். ஆனால் கல்லாவைப் பற்றி உண்மை சொல்வது அந்த நோட்டுதான்.

எதைக் காட்டுவது?

‘என்ன வீடியோ போடுறதுன்னே தெரியலை’ என்பது பலரும் சொல்லும் குறை. விடை கடைக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் அன்றாடம் செய்யும் வேலை, வாடிக்கையாளர் அன்றாடம் கேட்கும் கேள்வி ஆகிய இரண்டிலும் ஒரு வருடத்துக்குத் தேவையான சரக்கு கிடைக்கும்.

மரச்செக்கு எண்ணெய்க் கடையை எடுத்துக்கொள்வோம். முகப்பில் நின்று ‘எங்களிடம் சுத்தமான நல்லெண்ணெய் கிடைக்கும்’ என்று சொன்னால் யார் நம்புவார்கள்? எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள். அதற்குப் பதிலாக நாற்பது நொடி இப்படி எடுக்கலாம். முதல் மூன்று நொடி: செக்கு சுற்றும் ஓசை, எள் நொறுங்கும் காட்சி, பேச்சே வேண்டாம். அடுத்து, ஒரு கை கருப்பட்டியை உடைத்துச் செக்கில் போடுகிறது. ‘எள்ளோட கருப்பட்டி சேர்த்து ஆட்டினாத்தான் எண்ணெய் பிரியும், வாசமும் நிக்கும்’ என்று குரல் மட்டும் வருகிறது. பிறகு எண்ணெய் நூலாக வழிந்து பாத்திரத்தில் இறங்குகிறது. கலங்கலாக இருக்கிறது. ‘இப்ப இப்படித்தான் இருக்கும். வெயில்ல வெச்சுத் தெளிய விட்டுத்தான் பாட்டில்ல ஊத்துவோம்’ என்று தெளிந்த எண்ணெயைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார். கடைசி ஐந்து நொடியில் விலை, ஊர், போன் நம்பர். இவ்வளவுதான். கடையில் நின்று பார்ப்பவருக்கு வரும் நம்பிக்கையில் பாதி, போனில் பார்ப்பவருக்கும் வந்துவிடும்.

கேள்வியில் இருந்து பிறக்கும் வீடியோவுக்கு இரும்புத் தோசைக்கல் நல்ல உதாரணம். ஆன்லைனில் கல் வாங்கிய பலரின் முதல் புகார், ‘தோசை ஒட்டுது’. கல்லைத் திருப்பி அனுப்புகிறார்கள். போக வரக் கொரியர் செலவு விற்பவர் தலையில். கல்லை எப்படிப் பழக்குவது என்பதை ஒரு வீடியோவாக எடுத்து, பார்சலோடு அனுப்பும் சீட்டில் கியூஆர் கோடாக ஒட்டிவிட்டால் போதும். வடித்த கஞ்சியில் ஊறவைப்பது, தினமும் கஞ்சியை மாற்றுவது, கழுவி ஈரமில்லாமல் துடைத்து நல்லெண்ணெய் தடவி வைப்பது, வெங்காயத்தை வெட்டிக் கல்லில் தேய்ப்பது, முதல் இரண்டு தோசை எப்படியும் பிய்ந்துதான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது. இந்த வீடியோ புது வாடிக்கையாளரை இழுப்பதோடு, பழைய வாடிக்கையாளர் கோபப்படாமலும் பார்த்துக்கொள்கிறது.

புவிசார் குறியீடு பெற்ற பொருள்களை உண்மையான ஊரில் செய்கிறவர்களுக்கு இது இன்னும் பெரிய ஆயுதம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல், கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல், மணப்பாறை முறுக்குக்கு 2023-ல் குறியீடு கிடைத்தது. ஊர்ப் பெயரை ஒட்டி விற்கும் போலிகள் எங்கும் இருக்கின்றன. அசல் கடைக்காரர் தன் ஊர்த் தெருவைக் காட்டி, அடுப்பைக் காட்டி, பாகு பதத்தைக் காட்டிப் பேசும்போது அந்தச் சான்றிதழுக்கு முகம் கிடைக்கிறது.

விலையை மறைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். ‘விலைக்கு இன்பாக்ஸில் வாருங்கள்’ என்று எழுதினால் பாதிப் பேர் அத்துடன் போய்விடுவார்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் விட முடியாது என்ற கூச்சம் நம் ஆட்களுக்கு அதிகம். விலையைத் துணிந்து சொல்பவரிடம் பேரம் பேசவாவது வருவார்கள்.

காதை மறந்துவிடாதீர்கள்

சிறுவணிக வீடியோக்களில் படம் சுமாராக இருந்தாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஓசை கேட்கவில்லையென்றால் அடுத்த நொடியே தள்ளிவிடுவார்கள். ஆனால் புது போன் வாங்க ஆயிரக்கணக்கில் செலவழிப்பவர்கள், சட்டைக் காலரில் மாட்டும் சில நூறு ரூபாய் மைக்கை வாங்குவதில்லை. மின்விசிறியை நிறுத்துங்கள். ரோட்டுப் பக்கம் முதுகைக் காட்டி நிற்காமல் துணி, மூட்டை அடுக்கிய மூலையில் நின்று பேசுங்கள், எதிரொலி அடங்கும். சத்தத்தை அணைத்துவிட்டுப் பஸ்ஸில் பார்ப்பவர்களுக்காகத் திரையில் எழுத்தும் ஓடட்டும்.

படமே இல்லாத குரலுக்கும் இங்கே தனி மதிப்பு உண்டு. தெருவில் வரும் மினி லாரியில் பதிவுசெய்த குரல் ‘வெங்காயம், தக்காளி’ என்று கூவிக்கொண்டு போகிறதே, அதை ‘ஆடியோ மார்க்கெட்டிங்’ என்று யாரும் சொல்வதில்லை. அந்தக் குரல் கேட்டதும் கூடையோடு வாசலுக்கு வருகிறார்களா இல்லையா?

அதன் இன்றைய வடிவம் வாட்ஸ்அப் குரல் பதிவு. கடற்கரை ஊரில் மீன் விற்பவர் காலையில் ஏலம் எடுத்த கையோடு போனை வாயருகே வைத்து, ‘அக்கா, இன்னைக்கு சங்கரா நல்லா வந்திருக்கு, வஞ்சிரம் விலை ஏறிப்போச்சு, வாங்க வேணாம். நெத்திலி பொடிசா இருக்கு, குழம்புக்கு ஆகும். ஒம்பது மணிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா சுத்தம் பண்ணிக் கொண்டாந்துர்றேன்’ என்று அனுப்பினால் அதைவிட நல்ல விளம்பரம் எது? பின்னால் அலையும் ஏலச் சத்தமும் கேட்கிறது. மீன் புதிது என்பதற்கு அதுவே சாட்சி. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலத்தில், ‘இப்ப நாட்டுப்படகு மீன்தான், கொஞ்சமாத்தான் வரும்’ என்று சொல்லிவிட்டால் விலை ஏற்றத்துக்குக் காரணமும் புரிந்துவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் வாடிக்கையாளருக்கும், தட்டச்சு செய்யத் தெரியாத வியாபாரிக்கும் இது வரம்.

ஒரு நுட்பம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைச் சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். அதனால் பில் போடும்போதே ‘நம்ம நம்பரைச் சேவ் பண்ணிக்குங்க’ என்று சொல்வது வீடியோ எடுப்பதைவிட முக்கியமான வேலை. நாளுக்கு ஒரு பதிவுக்கு மேல் அனுப்பாதீர்கள், பிளாக் செய்துவிடுவார்கள்.

உள்ளூர்ச் சமுதாய வானொலியையும் சிறுவணிகர்கள் கண்டுகொள்வதில்லை. 2004-ல் அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அண்ணா எஃப்.எம். இந்த வகையில் நாட்டுக்கே முன்னோடி. பாம்பனில் மீனவர்களுக்காகவே ‘கடல் ஓசை 90.4’ ஒலிக்கிறது. 2024-ல் மத்திய அரசு வெளியிட்ட திருத்திய நெறிமுறைகள், சமுதாய வானொலி மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் ஒலிபரப்பலாம் என்கின்றன. சுற்றுவட்டாரத்தில் மட்டுமே கேட்கும் என்பது ஒரு குறைபோலத் தெரியலாம். சுற்றுவட்டாரத்தில் மட்டுமே வியாபாரம் செய்கிறவருக்கு அது குறையே இல்லை.

வெளியாள் கேமரா வந்தால்

ஓட்டல், பிரியாணிக் கடை வைத்திருப்பவர்களின் முதல் யோசனை, பிரபலமான ஃபுட் விலாகரைக் கூப்பிடுவது. அவர் வருவார், எலும்பை உருவுவார், கண்ணை மூடி ரசிப்பார், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வாசலில் பைக் நிறுத்த இடமிருக்காது. பிரச்னையே அந்த ஞாயிற்றுக்கிழமைதான். ஐம்பது பேருக்குச் சமைக்கும் அடுப்பில் முந்நூறு பேருக்குச் சமைக்க முடியாது. பிரியாணி தீர்ந்துபோகிறது, காத்திருந்தவர்கள் கோபமாகத் திரும்புகிறார்கள், மாலைக்குள் கூகுள் மேப்பில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள் குவிகின்றன. வீடியோ ஒரு வாரத்தில் மறந்துவிடும்; அந்த நட்சத்திரம் அங்கேயே நிற்கும். தினமும் வரும் வாடிக்கையாளரும் கூட்டத்தைப் பார்த்து வேறு கடைக்குப் பழகிவிடுவார்.

விலாகரைக் கூப்பிடவே வேண்டாம் என்பதில்லை. கூடுதல் ஆளும் சரக்கும் தயார் செய்துகொண்டு கூப்பிடுங்கள். அதே பணத்தில் ஒரு பகுதியை, உங்கள் சொந்த வீடியோவைக் கடையைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும் விளம்பரமாகப் போட முடியும் என்பதையும் யோசியுங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் மூன்றிலும் ஊரைக் குறித்துக் கொடுக்கும் வசதி இருக்கிறது. கூகுள் மேப்பில் கடையைப் பதிவுசெய்திருந்தால் 30 நொடி வரையிலான வீடியோவை அங்கேயே ஏற்றலாம். பசியோடு தேடுபவர் முதலில் பார்க்கும் இடம் அது.

போட்ட பிறகு மாட்டிக்கொள்ளாமல் இருக்க

- சினிமாப் பாட்டு: தனிநபர் கணக்கில் கிடைக்கும் எல்லாப் பாட்டும் இன்ஸ்டாகிராமின் வணிகக் கணக்கில் கிடைக்காது. விளம்பரத்துக்குப் பயன்படுத்த உரிமம் வேண்டும். பதிப்புரிமைச் சட்டம் 1957 ரீல்ஸுக்கும் பொருந்தும். யூடியூபின் இலவச இசைத் தொகுப்பில் இருந்து எடுங்கள். அல்லது செக்கு, தறி, எண்ணெய்ச் சட்டி ஓசையையே விடுங்கள்.

- நோய் தீர்க்கும் பேச்சு: சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று தைலத்துக்கோ, பொடிக்கோ விளம்பரம் செய்வது 1954-ம் வருட மருந்து மற்றும் மாயத்தீர்வு விளம்பரச் சட்டப்படி குற்றம். ‘பாட்டி வைத்தியம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

- பொய் விளம்பரம்: நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

- காசு வாங்கிப் பேசுவது: விலாகருக்குப் பணமோ, பொருளோ கொடுத்திருந்தால் ‘இது விளம்பரம்’ என்று தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது விளம்பரத் தரக் குழுவின் 2021 நெறிமுறை. ஆடியோவாக இருந்தால் தொடக்கத்திலும் முடிவிலும் வாயால் சொல்ல வேண்டும்.

- வாடிக்கையாளர் முகம்: கேட்காமல் படமெடுக்காதீர்கள். குழந்தைகளை எடுக்கவே வேண்டாம்.

உங்கள் வீடியோ, திருடன் நம்பர்

சேலை, நகை, செல்லப்பிராணி விற்பவர்களை வாட்டும் புதிய தொல்லை ஒன்று இருக்கிறது. அவர்களது வீடியோவை அப்படியே எடுத்து, வேறு நம்பர் போட்டு, பாதி விலைக்கு விற்பதாக முன்பணம் வாங்கி ஏமாற்றும் கும்பல்கள். ஏமாந்தவர் அசல் கடைக்காரரைத்தான் திட்டுவார். திரையின் ஓரத்தில் நம்பர் போட்டால் வெட்டிவிடுவார்கள். அதனால் வீடியோவுக்கு நடுவில், பொருளைக் காட்டிக்கொண்டே கடைப் பெயரையும் நம்பரையும் வாயால் சொல்லிவிடுங்கள். பின்னணியில் கடைப் பலகை தெரியட்டும். யாராவது ஏமாந்ததாகச் சொன்னால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யச் சொல்லுங்கள். நீங்களும் அந்தப் போலிக் கணக்கைப் பற்றி ரிப்போர்ட் செய்யுங்கள். ‘பத்தாயிரம் சந்தாதாரர் வாங்கித் தருகிறோம்’ என்று வரும் அழைப்புகளைத் துண்டித்துவிடுங்கள். காசுக்கு வந்த சந்தாதாரர் கடலை மிட்டாய் வாங்கமாட்டார்.

எந்திரக் குரலில் பேசவைத்து வீடியோ போடும் வழக்கமும் பரவிவருகிறது. செலவு மிச்சம்தான். ஆனால் பத்துக் கடைக்கும் ஒரே குரல், ஒரே ஏற்ற இறக்கம். கொங்குப் பேச்சும் நெல்லைப் பேச்சும் மதுரைப் பேச்சும் கேட்டவுடன் ‘நம்ம ஊர் ஆள்’ என்று தோன்றவைக்கும். அந்த ஒட்டுதலை நாமே கைவிட்டால், பெரிய கம்பெனியோடு நமக்கு என்ன வித்தியாசம்?

எவ்வளவு செலவு, எவ்வளவு நேரம்?

ஏற்கெனவே கையில் இருக்கும் போன், ஒரு சின்ன மைக், ஒரு ஸ்டாண்ட். வெளிச்சத்துக்குக் காலை நேர ஜன்னல் போதும். ஷார்ட்ஸுக்கும் ரீல்ஸுக்கும் போனை நிமிர்த்திப் பிடியுங்கள். விளக்கமாகச் சொல்லும் நீள வீடியோவுக்குப் படுக்கவையுங்கள். ஷார்ட்ஸ் இப்போது மூன்று நிமிடம் வரை போகலாம் என்றாலும், ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடியதை இழுக்காதீர்கள். எடிட் செய்ய ‘யூடியூப் கிரியேட்’ போன்ற இலவசச் செயலிகள் இருக்கின்றன. வாரம் இரண்டு வீடியோ என்றால் ஒரே நாளில் கூட்டமில்லாத மதிய நேரத்தில் இரண்டையும் எடுத்துவிடலாம். தினமும் போட வேண்டும் என்று தொடங்கி மூன்றாவது வாரத்தில் ஓய்ந்துபோகிறவர்கள்தான் அதிகம்.

கற்றுக்கொள்ள விரும்புபவர்களுக்கு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், சென்னை ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள தன் வளாகத்தில் யூடியூப் சேனல் தொடங்குவது, டிஜிட்டல் மார்க்கெட்டிங் போன்ற குறுகிய காலப் பயிற்சிகளை நடத்திவருகிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கும் ‘கோடீஸ்வரர் ஆகலாம்’ வகுப்புகளுக்குப் பணம் கட்டும் முன் அரசுப் பயிற்சியை விசாரிப்பது நல்லது.

வீடியோ வாடிக்கையாளரைக் கடை வாசல் வரைதான் கொண்டுவரும். அதற்குப் பிறகு போனை எடுக்காமல் விடுவது, வாட்ஸ்அப்பில் இரண்டு நாள் கழித்துப் பதில் சொல்வது, வீடியோவில் காட்டிய நிறம் ஒன்று, அனுப்பிய நிறம் வேறொன்று என்றெல்லாம் இருந்தால் எந்த கேமராவும் காப்பாற்றாது. நன்றாக விற்கத் தெரிந்த கடையை வீடியோ வளர்க்கும். மோசமான கடையின் மோசத்தை ஊரறியச் செய்யும்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும் கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் ஒரே ஒரு வீடியோ எடுங்கள். உங்கள் கடையில் அதிகம் பேர் கேட்கும் கேள்வி எதுவோ அதற்கு, உங்கள் பேச்சில், ஒரு நிமிடத்துக்குள் பதில் சொல்லுங்கள். விலையைச் சொல்லுங்கள், ஊரைச் சொல்லுங்கள், போன் நம்பரைச் சொல்லுங்கள். போட்டுவிட்டு வியூஸைத் தேடாதீர்கள். போன் அடித்தால் எடுங்கள்.